சாரதியின் ஏடு: காரைக்காலில் ஓட்டுநர் உரிமம் கடந்து வந்த வழி

காரைக்கால் நகரிலிருந்து எந்தத் திக்கை நோக்கி வண்டியை எடுத்தாலும், கிழக்கே சென்றால் சில நிமிஷங்களில் கடலும், மற்ற மூன்று திக்குகளில் சென்றால் அரை மணிக்குள் வேறொரு ராஜாங்கத்தின் எல்லையும் வந்துவிடும். வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர், மேற்கே அம்பகரத்தூர் என்னும் வாயில்களுக்கு உட்பட்ட இந்தச் சுமார் 160 சதுர கிலோமீட்டர் நிலம், 1739ஆம் வருஷத்தில் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசமாகி, நடுவே பல தடவை ஆங்கிலேயர் கைக்கு மாறி, மறுபடியும் பிரெஞ்சுக்காரருக்கே திரும்பி, 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்தியாவோடு சேர்ந்து, இன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஓர் அங்கமாக, மூன்று புறமும் தமிழ்நாட்டினால் சூழப்பட்டு நிற்கிறது. இத்தகைய ஊரில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவனுக்கு, தன் கையிலுள்ள உரிமப் பத்திரம் எந்த எல்லை வரைக்கும் செல்லும், எந்த வண்டி வரைக்கும் செல்லும் என்பவை அன்றாட ஜீவனத்தைப் பற்றிய கேள்விகளாகவே என்றும் இருந்து வந்திருக்கின்றன.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு முதிய லாரி ஓட்டுநர் வசித்தார்; பிள்ளைகள் எல்லோரும் அவரை டிரைவர் தாத்தா என்றே அழைப்போம். அவருடைய தகரப் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில், துணியிற் சுற்றிய ஒரு சிறு ஏடு இருந்தது. முதல் தாளில் எண்ணெய் தடவி வாரிய தலையோடு அவருடைய இளவயதுப் புகைப்படம். அடுத்த தாள்களில் எந்தெந்த வகை வண்டிகளை ஓட்டலாம் என்ற குறிப்பு. அதற்கப்பால் புதுப்பித்த தேதிகளும் முத்திரைகளும். கடைசியில் குற்றங்களைப் பதிவதற்கென்று விட்ட வெற்றுத் தாள்கள். அந்த வெற்றுத் தாள்களைத்தான் அவர் எங்களுக்குப் பெருமிதத்தோடு காட்டுவார். "கார் லைசென்ஸுக்குக் கையும் காலும் தெரிஞ்சாப் போதும் தம்பி. ஹெவி லைசென்ஸுன்னா முதுகுக்குத் தெரியணும், பின்னாடி என்ன இருக்குன்னு" என்று அவர் ஒரு நாள் சொன்னது இன்றும் என் செவியில் நிற்கிறது. பின்னாளில் ஓட்டுநர் உரிமங்களின் வகைகளைப் பற்றிய சட்டங்களை நான் படித்தபோதெல்லாம், அந்தச் சட்டங்களை இயற்றியவர்கள் நூறாண்டுகளாக அவருடைய வாக்கியத்தைச் சுற்றியே வந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

மோட்டார் வருவதற்கு முன்னால் இப்பகுதியில் பாரத்தைச் சுமந்தது மாட்டு வண்டி. அரசலாற்றங்கரையிலிருந்து நெல்லையும் உப்பையும் துறைமுகத்துச் சரக்கையும் ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் பிரயாணம் செய்த வண்டிக்காரர்களுக்கு எந்தச் சர்க்காரும் யோக்கியதைப் பத்திரம் கொடுத்ததில்லை. இன்னாருடைய வண்டி என்று சந்தையிலே வழங்கிய பேச்சே அவர்களுக்குச் சாட்சி. 1898இல் பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு இருபத்து மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட மீட்டர் கேஜ் ரயில் பாதை திறக்கப்பட்ட பிறகு, தூரத்துச் சரக்கு ரயிலுக்குப் போயிற்று. ஊருக்குள்ளே சுமையும் சவாரியும் மாட்டுக்கும் குதிரைக்கும் நின்றன.

கூலிக்கு ஆள் ஏற்றுகிறவனைத் தனியே அடையாளம் காணும் வழக்கம் குதிரை வண்டிக் காலத்திலேயே தோன்றிவிட்டது. லண்டன் நகரத்தில் வாடகை வண்டிக்காரர்கள் எண் பொறித்த உலோக வில்லையை அணிய வேண்டும் என்ற விதி 1838இல் வந்தது. சென்னை ராஜதானியில் ஜட்கா முதலிய வாடகை வண்டிகளுக்கென்று 1911இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அண்மைக் காலம் வரையில் நம் ஆட்டோக்காரர்களும் டாக்சிக்காரர்களும் "பேட்ஜ் வாங்கியாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டபோதெல்லாம், அந்தப் பழைய குதிரை வண்டிக்காரனின் மார்பில் தொங்கிய வில்லையைத்தான் தம்மை அறியாமலே நினைவு கூர்ந்தார்கள். முன்பின் அறியாத மனிதனிடம் காசைக் கொடுத்து அவன் வண்டியில் ஏறி உட்காரும் பிரயாணி, அவன் யார் என்பதை எப்படி அறிவான் என்ற கேள்விக்குப் பிறந்த பதில் அந்த வில்லை.

மோட்டார் தோன்றிய காலத்தில் உலகத்தில் இருவிதக் கருத்துகள் நிலவின. அவ்விரண்டுக்கும் சொந்தக்காரரான இரண்டு அரசுகளும் நம் சோழமண்டலக் கரையில் அடுத்தடுத்த வயல்களை ஆண்டுகொண்டிருந்தன. பிரான்சில், 1893 ஆகஸ்டு 14ஆம் தேதி பாரிஸ் நகரப் போலீஸ் தலைவர் பிறப்பித்த ஆணையும், அதன் பிறகு 1899 மார்ச் 10ஆம் தேதி தேச முழுமைக்கும் வந்த ஆணையும், வண்டி ஓட்ட விரும்புகிறவன் பரீட்சை கொடுத்துத் திறமைச் சான்றிதழ் பெற வேண்டும் என்று விதித்தன. பரீட்சித்தவர்கள் சுரங்க இலாகாவைச் சேர்ந்த பொறியியல் உத்தியோகஸ்தர்கள். நீராவிக் கொதிகலன்களைச் சோதித்துப் பழகிய அவர்களுக்கே மோட்டாரைச் சோதிக்கும் பொறுப்பும் சென்றது. அந்த 1899 ஆணையின்படி வேகத்தின் உச்சம் வெளிப்புறச் சாலைகளில் மணிக்கு 30 கிலோமீட்டரும், ஊருக்குள்ளே 20 கிலோமீட்டரும் ஆகும். திறமைச் சான்றிதழ் என்ற பெயர் மாறி, ஓட்டுவதற்கான அனுமதி என்னும் பொருளுடைய 'பெர்மி' என்ற பெயர் 1922 டிசம்பர் 31ஆம் தேதிய சாலைச் சட்டத்தோடு நிலைபெற்றது. பிரான்சிலே குடியேறி விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் காரைக்கால் உறவினர்கள், "தம்பிக்குப் பெர்மி கிடைச்சிடுச்சு" என்று சொல்லும் சொல் அதுவே.

இங்கிலாந்திலோ 1903ஆம் வருஷத்து மோட்டார் சட்டம், ஐந்து ஷில்லிங் கட்டணம் செலுத்திய பதினேழு வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் பரீட்சை ஏதுமின்றியே உரிமம் அளித்தது. தவறு செய்தவனைத் தேடிப் பிடிப்பதற்கான விலாசமாகவே அந்த உரிமம் கருதப்பட்டது. அங்கே ஓட்டும் பரீட்சை கட்டாயமானது 1935 ஜூன் 1ஆம் தேதிக்குப் பிறகுதான். பிரெஞ்சுக்காரர் முதலில் திறமையைக் கேட்டார்கள். ஆங்கிலேயர் முதலில் பெயரைக் கேட்டார்கள். இவ்விரண்டில் பிரெஞ்சுக் கருத்தே சரியானது என்பது என் துணிபு. விபத்து நேர்ந்த பிறகு விலாசம் தெரிந்து என்ன பயன்?

பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாணத்துக்கு மாகாணம் வெவ்வேறாக இருந்த மோட்டார் விதிகளை ஒன்றாக்கி 1914இல் ஒரு சட்டம் வந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டக் கூடாது, உரிமம் இல்லாதவர் ஓட்டக் கூடாது என்ற அடிப்படைகளை அது வகுத்தது. ஆனால் அப்பொழுது மோட்டார் என்பது கலெக்டர் துரைக்கும் ஜமீன்தாருக்கும் உரிய அபூர்வப் பொருளாக இருந்தபடியால், உரிமங்களின் வகைகளைப் பற்றி நுணுகி ஆராய வேண்டிய அவசியம் அச்சட்டத்திற்கு ஏற்படவில்லை. அவசியத்தை உண்டாக்கியது பஸ்.

முதல் உலக யுத்தத்திற்குப் பின்னர், தஞ்சை ஜில்லாவின் ஒடுங்கிய கப்பிச் சாலைகளில் பஸ்கள் ஓடத் தொடங்கின. ரயில் நிலையத்திற்கு நடக்க வேண்டிய கிராமத்தானின் வாசலிலேயே வந்து நின்ற அவ்வண்டிகள், ரயில்வேயின் வருமானத்தை அரித்துவிட்டன. சாலைக்கும் ரயிலுக்கும் நேர்ந்த இந்தப் போட்டியை ஆராய 1932இல் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகளும், சில வருஷங்களுக்குப் பின் வெட்ஜ்வுட் என்பவரின் தலைமையில் ஒரு குழுவும் நியமிக்கப்பட்டார்கள்; அந்த ஆராய்ச்சிகளின் முடிவிலே பிறந்ததுதான் 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். அரை நூற்றாண்டுக் காலம் இந்தியாவின் சாலைகளை ஆண்ட சட்டம் அது.

அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஒரு வரி உண்டு. ஓட்டுநர் உரிமம் இல்லாமல் எவரும் பொதுச் சாலையில் வண்டி ஓட்டலாகாது என்று பொதுவாகச் சொன்ன பிறகு, சம்பளம் வாங்கும் ஊழியனாக ஓட்டுகிறவனுக்கும், பிரயாணிகளைக் கூலிக்கு ஏற்றும் வண்டியை ஓட்டுகிறவனுக்கும், உரிமத்திலே அதற்கென்று தனியான அனுமதி இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. இந்த விதியின்படி, முதலாளி தம்முடைய காரைத் தாமே ஓட்டினால் சாதாரண உரிமம் போதும். அதே காரை அவரிடம் சம்பளம் வாங்கும் காரோட்டி ஓட்டினால் அவனுடைய ஏட்டிலே ஒரு விசேஷக் குறிப்பு வேண்டும். வண்டி ஒன்றே, பாதை ஒன்றே, எடை ஒன்றே. ஆயினும் கூலி என்ற ஒரு விஷயம் நடுவே வந்தவுடன் உரிமத்தின் வகை மாறிவிடுகிறது. பிறர் உயிரையும் பிறர் பொருளையும் ஒப்படைக்கப் பெற்றவன் தனியே சோதிக்கப்பட வேண்டியவன் என்ற உணர்ச்சியை அந்த வரியில் நான் காண்கிறேன்.

எடையையும் அச்சட்டம் மறக்கவில்லை. சுமையோடு 14,500 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டியைக் கனரகம் என்று அது பிரித்தது. கிராமத்துப் பையன்களின் வாயில் இன்று வரையில் வழங்கும் 'ஹெவி' என்ற சொல் அந்தப் பிரிவினையின் சந்ததி. வகை பிரித்ததோடு நில்லாமல், தொழில்முறை ஓட்டுநனை அச்சட்டம் ஓரளவுக்குக் காக்கவும் முயன்றது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது, ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும் ஒரு வாரத்தில் ஐம்பத்து நான்கு மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது என்று அது வரம்பு கட்டியது. 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அவ்வரம்பை நாளொன்றுக்கு எட்டு மணியாகவும் வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணியாகவும் குறைத்தது. ஆகவே வர்த்தக உரிமம் என்பது சாரதியின்மேல் சுமத்தப்பட்ட பாரமாக மட்டும் இருக்கவில்லை. அது அவனை ஒரு தொழிலாளியாக அங்கீகரித்தது. நம் சாலைகளில் அந்த மணிக்கணக்கைக் கண்டிப்பாகப் பின்பற்றியிருந்தால் எத்தனையோ விடியற்கால விபத்துகள் நேராமலிருந்திருக்கும் என்பதை, லாரிக் குடும்பங்களோடு பழகிய எவரும் மறுக்க மாட்டார்கள்.

காரைக்கால் பஸ் தடங்களுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றமே சாட்சி. கும்பகோணத்து ராமன் அண்ட் ராமன் கம்பெனிக்கும் பொறையாற்றைச் சேர்ந்த ஒரு பஸ் முதலாளிக்கும், கும்பகோணம்–காரைக்கால் தடத்தில் ஓடிய ஐந்து பஸ்களின் பர்மிட்டுகளைப் பற்றி நெடுங்காலம் நடந்த வழக்கு, 1952இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவடைந்தது. பர்மிட் வழங்கும் அதிகாரிகளின் தீர்மானங்களில் உயர் நீதிமன்றம் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்ற கேள்விக்கு இன்றளவும் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு அது. அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம் அந்நாளில் அந்நிய தேசத்து மண் என்பதை எண்ணிப் பார்த்தால், காவிரிக் கரையிலிருந்து கடற்கரைக்கு ஜனங்களை ஏற்றி வந்த அந்த ஓட்டுநர்களின் தினசரி வேலையின் தன்மை விளங்கும்.

எல்லை அப்போது வெறும் கோடாக இருக்கவில்லை. 1941இல் பிரெஞ்சு இந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் ஏற்பட்ட சுங்க உடன்பாடு 1949இல் முடிவுக்கு வந்தபின், எல்லைச் சாவடிகளில் சோதனை கடுமையாயிற்று. பெண் கொடுத்ததும் எடுத்ததும் நாகூரிலும் பொறையாற்றிலுமாக வாழ்ந்த குடும்பங்கள், கலியாணத்துக்கும் கருமாதிக்கும் சாவடியிலே நின்றே போக வேண்டியதாயிற்று. வண்டிக்காரன் சுமையின் சீட்டையும் தன் சீட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் நகரசபை, சட்டசபைப் பிரதிநிதிகள் கூடி, இந்தியாவோடு இணைய வாக்களித்து, நவம்பர் முதல் தேதி அதிகாரம் கைமாறியபோது, அரசியல்வாதிகளுக்கு அது விடுதலை நாள். ஓட்டுநர்களுக்கு அதற்கு மேலும் ஒன்று, அதாவது பூவத்திலும் வாஞ்சூரிலும் வண்டியை நிறுத்தாமல் போகலாம் என்ற நாள். 1956 மே 28இல் இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16இல் சட்டபூர்வமாக நிறைவேறியது. அதன்பின் இந்திய மோட்டார் வாகனச் சட்டமே எங்களுக்கும் சட்டமாயிற்று. காரைக்காலில் பெற்ற உரிமம் கன்னியாகுமரிக்கும் காஷ்மீரத்துக்கும் செல்லத் தக்கதாயிற்று.

உரிமம் தேச முழுமைக்கும் செல்லும். வண்டியின் பர்மிட் அப்படிச் செல்லாது. இந்த வேற்றுமையை எங்கள் ஊர்ச் சிறுவர்களும் அறிவார்கள். காரைக்காலிலிருந்து தன் தலைநகரமான புதுச்சேரிக்குப் போகும் பஸ், சிதம்பரம், கடலூர் வழியாக, தமிழ்நாட்டுச் சாலையிலேயே பெரும்பகுதி ஓட வேண்டியிருப்பதால், இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்ட பர்மிட் இல்லாமல் அது தன் சொந்தப் பிரதேசத்தின் மறு பகுதியை அடைய முடியாது.

பேரளம் ரயில் 1980களின் பிற்பகுதியில் நின்று போனது. அதன் பிறகு, 2011இல் நாகூர் வழியாக அகலப் பாதை வந்து சேரும் வரையில், காரைக்காலின் ஜனங்களையும் சரக்கையும் சுமக்கும் பொறுப்பு முழுவதும் பஸ்ஸுக்கும் லாரிக்குமே விழுந்தது. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நடக்கும் நாள்களில், தேசத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து இறங்கும் லட்சக்கணக்கான பக்தர்கள், முகமறியாத ஓட்டுநர்களின் கைகளை நம்பியே வந்து திரும்பினார்கள்.

இந்தக் காலத்திலேதான் பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தது. 1988இல் இயற்றி 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டம், உரிமங்களின் வகைகளை முன்னெப்போதும் இல்லாத நுணுக்கத்தோடு அடுக்கியது. கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ளது, உடல் ஊனமுற்றோர் வண்டி, இலகு ரக வண்டி என்று ஏறி வந்து, நடுத்தரச் சரக்கு வண்டி, நடுத்தரப் பிரயாணி வண்டி, கனரகச் சரக்கு வண்டி, கனரகப் பிரயாணி வண்டி என்று நான்காகப் பிரிந்து, சாலை உருளைக்கும் ஒரு வகையை அது வைத்தது. இதிலே இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. முதலாவது, சம்பள ஊழியன் என்ற பழைய சொல் மறைந்துவிட்டது. இனிமேல் கேள்வி வண்டியைப் பற்றியது, கூலியைப் பற்றியது அன்று. இரண்டாவது, சரக்கை ஏற்றுவதும் மனிதரை ஏற்றுவதும் வெவ்வேறு கலைகள் என்பதைச் சட்டம் முழு மனத்தோடு ஒப்புக்கொண்டது. நெல் மூட்டை ஏற்றிய லாரி திருப்பத்தில் சாய்வது ஒரு விதம். நாற்பது பேர் நின்றுகொண்டிருக்கும் பஸ் திருப்பத்தில் சாய்வது வேறு விதம். டிரைவர் தாத்தாவின் 'முதுகு' அறிந்த வேற்றுமை அதுவே.

ஆனால் அந்த நல்ல பிரிவினை ஆறு வருஷங்களுக்குக் கூட நீடிக்கவில்லை. 1994 நவம்பரில் அமலுக்கு வந்த திருத்தம், மேற்சொன்ன நான்கு வகைகளையும் அழித்து, போக்குவரத்து வாகனம் என்ற ஒரே தலைப்பின் கீழ் சேர்த்துவிட்டது. இலகு ரகத்தின் எல்லை 6,000 கிலோவிலிருந்து 7,500 கிலோவாக உயர்ந்தது. அலுவலகத்து வேலை இலகுவாயிற்று என்பது உண்மை. எனினும், பஸ்ஸையும் லாரியையும் ஒரே சொல்லால் அழைத்ததை நான் பிழை என்றே கருதுகிறேன். பிரான்சில் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு ஒரு வகை, எட்டுக்கு மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றும் வண்டிக்கு வேறு வகை என்று இன்றும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில், ஓர் ஓட்டுநர் நான்கைந்து மாநிலங்களில் நான்கைந்து உரிமங்களைப் பெற்றுக்கொண்டு, ஒன்று பறிபோனால் மற்றொன்றைக் காட்டித் தப்பித்து வந்த நிலையை ஒழிக்க, 1986இல் வர்த்தக ஓட்டுநர் உரிமத்துக்கென்றே ஒரு தனிச் சட்டம் செய்து, எடையின்படி மூன்று வகுப்புகளை ஏற்படுத்தியபோதும், பிரயாணிகளை ஏற்றுவதற்கும், அபாயப் பொருள்களை ஏற்றுவதற்கும், பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கும் தனித்தனிப் பரீட்சையையும் தனித்தனிக் குறிப்பையும் வைத்தார்கள்.

நம் நாட்டில் இன்று ஓர் இளைஞன் தொழில்முறை ஓட்டுநன் ஆவதற்குரிய வழி இது: பதினெட்டு வயதில் எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் வாங்கிப் பழகி, இலகு ரக உரிமத்தைப் பெற வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓராண்டேனும் கழிந்த பிறகே, இருபது வயது நிரம்பியவனாய், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றோடு, கனரக வண்டிக்கு விண்ணப்பிக்கலாம். காகிதத்தில் உள்ள வழி இது. உண்மையான பள்ளிக்கூடமாக நெடுங்காலம் இருந்தது லாரியின் இடப்பக்க ஆசனம். பதினாறு, பதினேழு வயதில் கிளீனராக ஏறியவன், டயரைத் தட்டிக் காற்றைக் கண்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுத்து, நள்ளிரவில் டிரைவர் அண்ணன் கண்ணயராமல் இருக்கக் கதை பேசி, இரண்டு மூன்று வருஷங்களில் அந்தத் தொழிலின் ரகசியங்களையெல்லாம் கற்றுக்கொண்டான். குருகுலவாசம் என்று இதைச் சொல்லுவது மிகையாகாது.

அந்தக் குருகுலத்துப் பிள்ளைகளின் தலையில் 2007இல் ஓர் இடி விழுந்தது. போக்குவரத்து வாகனம் ஓட்ட விரும்புகிறவன் எட்டாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும் என்ற விதி அவ்வருஷம் சேர்க்கப்பட்டது. படிப்பு வேண்டும் என்பதை யார் மறுப்பார்கள்? ஆயினும், வறுமையினால் பள்ளியை விட்டுக் கிளீனராக ஏறியவன், ஸ்டியரிங்கைப் பிடிக்கும் பக்குவத்தை அடைந்த நாளில், ஒரு சான்றிதழ் இல்லாத காரணத்தால் வழி அடைபட்டு நின்றான். கடனுக்குச் சான்றிதழ் தேடி அலைந்தவர்களும், உரிமமே இல்லாமல் ஓட்டத் துணிந்தவர்களும் அதனால் பெருகினார்கள் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு 2019இல் மத்திய அரசு அவ்விதியை நீக்கியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், போக்குவரத்து உரிமத்தை மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருந்ததை ஐந்தாண்டாக நீட்டியது. இரண்டும் தொழிலாளிக்குச் செய்த நன்மைகளே.

வேறோரிடத்தில் படிப்பைக் கேட்பது முற்றிலும் நியாயம் என்பதையும் சொல்ல வேண்டும். காவிரிப் படுகையில் எண்ணெயும் வாயுவும் கண்டெடுக்கப்பட்டு, எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகம் காரைக்காலில் நிலைகொண்டதும், பக்கத்திலே நரிமணத்தில் சுத்திகரிப்பு ஆலை எழுந்ததும், எங்கள் சாலைகளில் டேங்கர் லாரிகள் வரிசை வரிசையாக ஓடத் தொடங்கின. இத்தகைய அபாயப் பொருள்களை ஏற்றும் ஓட்டுநனுக்கு, சாதாரணப் போக்குவரத்து உரிமத்தோடு, ஓர் இந்திய பாஷையும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாள் பயிற்சி பெற்றுத் தேறியிருக்க வேண்டும். உரிமத்தில் அதற்கான தனிக் குறிப்பும் வேண்டும். டேங்கரின் முதுகிலே எழுதியிருக்கும் எண்ணையும் எச்சரிக்கையையும் படிக்கத் தெரியாதவன் கையில் அதை ஒப்படைப்பது, அவனுக்கும் கொடுமை, அவன் கடந்து செல்லும் ஊர்களுக்கும் கொடுமை. 2009இல் கீழவாஞ்சூரில் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பின் நிலக்கரி லாரிகளும் சேர்ந்தன. ஹெவி லைசென்ஸ் வைத்திருப்பவனுக்கு எங்கள் ஊரில் வேலைக்குப் பஞ்சம் இல்லாமற் போயிற்று.

உரிமத்தின் வகை என்ன என்ற கேள்வி மிகவும் உக்கிரமாக எழுவது வழக்காடு மன்றத்தில்தான். மூன்றாமவருக்கு நேரும் நஷ்டத்துக்குக் காப்பீடு கட்டாயம் என்ற விதி 1946 ஜூலை 1 முதல் இந்நாட்டில் உண்டு. விபத்தில் இறந்தவனின் மனைவியும் மக்களும் நஷ்டஈடு கேட்டு வந்து நிற்கும்போது, ஓட்டியவனிடம் இருந்தது இலகு ரக உரிமம், ஓட்டியதோ வாடகைச் சரக்கு வண்டி, ஆகவே பணம் தர இயலாது என்று காப்பீட்டுக் கம்பெனிகள் வாதிடுவது வழக்கமாயிற்று. ஏட்டிலே ஒரு குறிப்பு விடுபட்டதற்காக ஒரு விதவை வருஷக்கணக்கில் நீதிமன்றப் படியேறினாள். 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியாயின் இலகு ரக உரிமமே போதும், தனியாகப் போக்குவரத்துக் குறிப்பு வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தார்கள். அதை மறுபடியும் ஆராய்ந்த ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு, 2024 நவம்பர் 6ஆம் தேதி அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது. இலகு ரகத்துக்கு உட்பட்ட ஆட்டோவுக்கும் டாக்சிக்கும் சிறு சரக்கு வண்டிக்கும், போக்குவரத்துக் குறிப்பின் அடையாளமான பழைய பேட்ஜ் இனி அவசியமில்லை என்ற நிலை இவ்வாறு ஏற்பட்டது. ஏழை ஓட்டுநனின் ஜீவனத்தையும், விபத்தினால் நிர்க்கதியானவர்களின் உரிமையையும் ஒருங்கே காத்த இத்தீர்ப்பை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் பேட்ஜ் போனபோது, அதற்குள்ளே இருந்த பழைய கேள்வியும் கூடவே போய்விடக் கூடாது. பிள்ளைகளை ஏற்றும் வேனை ஓட்டுகிறவனுக்கும் தன் வீட்டுக் காரை ஓட்டுகிறவனுக்கும் ஒரே பரீட்சை போதும் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. எடையை மாத்திரம் அளந்தால் போதாது. ஏறி உட்காருகிறவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். சட்டத்தை இயற்றுகிறவர்கள், பிரயாணிகளை ஏற்றுவதற்கென்று ஒரு தனிப் பரீட்சையை, அதிகக் கட்டணமோ அலைச்சலோ இன்றி, மறுபடியும் ஏற்படுத்த வேண்டும் என்பதே இச்சரித்திரத்தைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது.

இப்போது உரிமங்கள் எல்லாம் ஒரு சிறு அட்டைக்குள் அடங்கிவிட்டன. எங்கள் வண்டிகளின் நெற்றியில் பி.ஒய். 02 என்ற எழுத்தும் எண்ணும் காரைக்காலைக் குறிக்கின்றன. டிரைவர் தாத்தா காலமானபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்த வீட்டார், அந்த ஏட்டைப் பழைய காகிதங்களோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். முத்திரைகளும், புதுப்பித்த தேதிகளும், எழுதப்படாத அந்தக் கடைசித் தாள்களும் அதோடு போயின. கோட்டுச்சேரியிலும் நெடுங்காட்டிலும் நிரவியிலும் திருமலைராயன்பட்டினத்திலும், பஸ்ஸோ லாரியோ டாக்சியோ ஓட்டிய தகப்பனாரும் பாட்டனாரும் இருந்த வீடுகள் எத்தனையோ உண்டு. அந்த வீடுகளில் பழைய லைசென்ஸ் ஏடோ, பிரெஞ்சுக் காலத்துப் பெர்மியோ, பேட்ஜோ கிடைத்தால், அதை எறிந்துவிடாமல், அவர் எந்தத் தடத்தில் எந்த வண்டியை ஓட்டினார் என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்து, பத்திரமாக வைத்திருக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.